நிகழ்வு ஆய்வு: மலையகத் தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு வாய்ப்புற்று, குறைந்த அளவு நிவோலுமாப், அதன்பின் வந்த குடல் அழற்சி

குடும்பத்தின் சம்மதத்துடன் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன். மலைநாட்டில் நோயெதிர்ப்புச் சிகிச்சை கொடுக்கும் எவருக்கும், அதைவிட முக்கியமாக, அந்த நோயாளி ஊருக்குப் போனபின் அவரை முதலில் பார்க்கப்போகிற தோட்ட வைத்திய உதவியாளருக்கும் சிற்றூர் ஆஸ்பத்திரி டொக்டருக்கும் இது பயன்பட வேண்டும்.

பின்னணி

நோயாளி 57 வயது ஆண். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருடத்துக்கு மேல் கவ்வாத்து வேலை, அதாவது தேயிலைச் செடியை வெட்டிவிடும் வேலை, செய்தவர். இளம் வயதிலிருந்தே வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. மழையிலும் குளிரிலும் மலையில் நிற்கிறவர்களுக்கு அது பசியையும் குளிரையும் தாங்கவைக்கிற ஒன்று. அதனால் "விடுங்கள்" என்று சொல்வது எங்களுக்கு எளிது, விடுவது அவர்களுக்கு எளிதல்ல. புகையிலை சேர்க்காமல் மென்றாலும் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப்புற்று முன்வரிசையில் நிற்பதற்கு இந்தப் பழக்கம் பெரிய காரணம்.

இடது கன்னத்தின் உட்பக்கம் ஆறாத புண் ஒன்று 2022இல் வந்தது. அது எரிபொருள் வரிசைக் காலம். பஸ் ஓடாத நாட்கள், ஆட்டோவுக்குக் கட்டுப்படியாகாத கூலி. காட்ட வந்தபோது கழுத்தில் கட்டியும் சேர்ந்திருந்தது. வாய் இரண்டு விரல் அளவுக்குத்தான் திறந்தது. அறுவை சிகிச்சை, அதன்பின் சிஸ்பிளாட்டின் என்ற கீமோதெரபி மருந்துடன் கதிர்வீச்சு. எல்லாம் முடிந்து ஆறு மாதம் ஆகுமுன், 2023 நடுப்பகுதியில், கழுத்திலும் கன்னத்திலும் நோய் திரும்பியது. மறுபடி வெட்ட முடியாத இடம்.

மருந்தைத் தேர்ந்தெடுத்தது

சிஸ்பிளாட்டினுக்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் திரும்பும் தலை, கழுத்துப் புற்றுக்கு வழக்கமான கீமோதெரபி அதிகம் உதவாது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் பிடி-1 என்ற மூலக்கூறைத் தடுக்கும் மருந்தான நிவோலுமாபை இந்த நிலையில் சோதித்த பெரிய ஆய்வு 2016இல் வெளியானது. ஒரு வருடம் கடந்து உயிரோடிருந்தவர்கள் நிவோலுமாப் பெற்றவர்களில் 36 சதவீதம், மற்ற மருந்து பெற்றவர்களில் 16.6 சதவீதம். நல்ல வித்தியாசம். ஆனால் முழு அளவு மருந்தை இந்தக் குடும்பம் வாங்குவதைப் பற்றிப் பேசவே முடியாது.

எங்களுக்கு வழி காட்டியது மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனை 2022இல் வெளியிட்ட ஆய்வு. அங்கே மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப் கொடுத்தார்கள். வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கூடவே மாத்திரைகள்: வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட், தினமும் செலிகொக்சிப், எர்லோட்டினிப். மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் ஒரு வருடம் தாண்டியோர் 16.3 சதவீதம், நிவோலுமாபும் சேர்ந்தவர்களில் 43.4 சதவீதம்.

இவ்வளவு சிறிய அளவு எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்ததன் விளக்கமும் அதில்தான் இருக்கிறது. இந்த மருந்து, புற்றுச் செல்லைத் தாக்கும் வெள்ளணுவான டி செல்லின் மேற்பரப்பிலுள்ள பிடி-1 மூலக்கூறில் போய் ஒட்டிக்கொள்ளும். இரத்தத்தில் உள்ள டி செல்களின் பிடி-1 மூலக்கூறுகளில் பெரும்பகுதியை நிரப்பச் சிறிய அளவே போதும். நிரம்பியது இரண்டு மாதம்வரை அப்படியே இருப்பதை ஆரம்பகால ஆய்வுகளே காட்டின. அளவைப் பத்து மடங்கு கூட்டினால் பலன் பத்து மடங்கு கூடுவதில்லை. அதே காரணத்தால், அளவைக் குறைத்தால் ஆபத்தும் அந்த விகிதத்தில் குறைந்துவிடாது.

பிடி-1ஐ அழுத்தும் பிடி-எல்1 என்ற மூலக்கூறு கட்டியில் எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனைக்குத் திசுவைக் கொழும்புக்கு அனுப்பலாமா என்று யோசித்தோம். மும்பை ஆய்வு அந்தப் பரிசோதனையை நிபந்தனையாக வைக்கவில்லை. விடை எதுவாக வந்தாலும் இவருக்கு வேறு மருந்து இல்லை. அந்தப் பணம் மருந்துக்கே போகட்டும் என்று முடிவெடுத்தோம்.

இன்னொரு சிக்கல் குப்பி. கிடைத்தது 40 மில்லிகிராம் குப்பி, ஒருவருக்கு வேண்டியது பாதி. திறந்த குப்பியை வைத்திருக்க முடியாது. எனவே கம்பளைப் பக்கத்திலிருந்து வந்த, நாக்கில் புற்று திரும்பிய பெண் ஒருவரையும் இவரையும் ஒரே நாளில் வரச்செய்து குப்பியைப் பகிர்ந்தோம். ஒருவருக்குப் பஸ் தவறினால் மற்றவரின் காசும் வீணாகும். இரண்டு குடும்பங்களும் தங்களுக்குள் போன் நம்பர் மாற்றிக்கொண்டு இதைத் தாங்களே ஒழுங்குபடுத்தினார்கள். அந்தப் பொறுப்புணர்வுக்கு நான் இன்றும் நன்றியோடிருக்கிறேன்.

டி செல் ஏன் சோர்கிறது

முதல் நாள் நோயாளி கேட்டது நேரான கேள்வி: "ஒடம்புலயே எதிர்ப்புச் சக்தி இருக்குன்னு சொல்றீங்க, அப்ப அது ஏன் இவ்வளவு நாளும் சும்மா இருந்துச்சு?"

அது சும்மா இருக்கவில்லை. புற்றுச் செல்லை அடையாளம் கண்ட டி செல்கள் தாக்கத் தொடங்குகின்றன. ஆனால் எதிரி தீராமல் கண்முன்னே நின்றுகொண்டேயிருந்தால், தூண்டுதல் ஓயாமல் வந்துகொண்டேயிருந்தால், டி செல் படிப்படியாகத் திறனை இழக்கிறது. முதலில் பெருகுவதற்கான இன்டர்லூக்கின்-2 சுரப்பு குறையும், கடைசியில் கொல்லும் திறனும் போகும். இதைச் சோர்வு என்கிறார்கள். முதலில் தெளிவாகக் கண்டது புற்றுநோயில் அல்ல, நாட்பட்ட வைரஸ் தொற்றுள்ள எலிகளில். சோர்ந்த செல்லின்மேல் பிடி-1 மட்டுமின்றி லாக்-3, டிம்-3, டிஜிட் போன்ற தடுப்பு மூலக்கூறுகளும் குவிந்திருக்கும். புற்றுச் செல் பிடி-எல்1ஐ நீட்டி அந்தப் பிடி-1ஐ அழுத்துகிறது. டி செல் அடங்கிவிடுகிறது.

இந்தத் தடுப்புகள் உடம்புக்கு எதிரானவை என்று நினைக்கக்கூடாது. இவை இல்லாவிட்டால் எதிர்ப்புச் சக்தி நம் குடலையும் தைரொய்டையும் நுரையீரலையும் தாக்கும். சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு தடுப்பு மூலக்கூறு பெரும்பாலும் நிணநீர்க் கணுக்களில், டி செல் விழித்தெழும் கட்டத்திலேயே அடக்குகிறது. பிடி-1 பெரும்பாலும் திசுக்களில், வேலை நடக்கும் இடத்தில் அடக்குகிறது. பிடி-1ஐ 1992இல் கண்டறிந்த தசுகு ஹொஞ்சோவுக்கும், சிடிஎல்ஏ-4ஐத் தடுத்தால் எலிகளில் கட்டி கரைவதை 1996இல் காட்டிய ஜேம்ஸ் அலிசனுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது.

பிடி-1ஐத் தடுத்தால் சோர்ந்த செல்கள் எல்லாமே எழுந்து நிற்கும் என்றுதான் 2006இல் எலிகளில் கிடைத்த முடிவைப் பார்த்தவர்கள் பலர் நம்பினார்கள். பத்து வருடம் கழித்துத்தான் உண்மை நிலை புரிந்தது. முற்றாகச் சோர்ந்தவை எழுவதில்லை. டிசிஎஃப்-1 என்ற புரதத்தைத் தக்கவைத்திருக்கும் ஒரு சிறு கூட்டம், மூலச் செல் போன்ற தன்மையோடு ஒதுங்கியிருக்கிறது. மருந்துக்குப் பிறகு பெருகுவது அதுதான். முற்றிய சோர்வில் டிஎன்ஏ சுருண்டிருக்கும் விதமே மாறிவிடுகிறது. டாக்ஸ் என்ற புரதத்துக்கு இதில் பெரிய பங்குண்டு என்று 2019இல் பல ஆய்வுக்குழுக்கள் காட்டின. தடுப்பை எடுத்துவிட்டாலும் அந்த மாற்றம் பெரும்பாலும் அழிவதில்லை.

இதை அவருக்கு அவருடைய வேலையை வைத்தே சொன்னேன். கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியில் பழைய இலையா துளிர்க்கிறது? தண்டில் தூங்கும் மொட்டுத்தானே. அவர் உடனே, "அப்ப மொட்டு இல்லாத கெழட்டு மரத்துக்கு மருந்து புடிக்காது" என்றார். என்னால் அதைவிடச் சரியாகச் சொல்லியிருக்க முடியாது.

முதல் மூன்று மாதம்

முதல் ஊசி 2023 ஆகஸ்டில். எர்லோட்டினிபால் முகத்தில் பருப்போன்ற தடிப்பும், முதல் இரண்டு வாரம் லேசான வயிற்றோட்டமும் வந்தன. தானே அடங்கின. மூன்றாவது ஊசிக்குள் கன்னத்து வலி குறைந்து கஞ்சியிலிருந்து குழைந்த சோற்றுக்கு மாறினார். நான்காவது ஊசிக்குப் பின் எடுத்த சி.டி. ஸ்கேனில் கழுத்துக் கட்டிகள் பாதிக்கும் கீழே சுருங்கியிருந்தன.

அதே குப்பியின் மறுபாதியைப் பெற்ற பெண்ணுக்குப் பலன் கிடைக்கவில்லை. மூன்றாவது ஊசியோடு நிறுத்தவேண்டியதாயிற்று. அந்த வருடம் முடிவதற்குள் காலமானார். ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே நாள். கட்டிக்குள் டி செல் நுழைந்திருந்ததா, நுழைந்தவற்றில் எழக்கூடியவை மிஞ்சியிருந்தனவா என்பதில்தான் வித்தியாசம் இருந்திருக்க வேண்டும். அதை முன்கூட்டி அளக்கும் வசதி எங்களிடம் இல்லை.

வயிற்றோட்டம்

ஐந்தாவது ஊசி நவம்பர் தொடக்கத்தில். தீபாவளி முடிந்து சில நாளில் வயிற்றோட்டம் தொடங்கியது. தீபாவளிக்கு ஆட்டிறைச்சி சமைத்திருந்தார்கள், வீட்டில் இன்னும் இரண்டு பேருக்கு வயிறு சரியில்லை. எல்லோரும் சாப்பாட்டையே காரணமாக நினைத்தது இயல்பு. தோட்ட மருந்தகத்தில் ஜீவனி (உப்பு, சீனிக் கரைசல்) கொடுத்தார்கள். அதுவும் சரிதான். பிறகு டவுன் பார்மசியில் கிருமிக்கான மெட்ரோனிடசோலும் வயிற்றோட்டத்தை நிறுத்தும் மாத்திரையும் வாங்கினார்கள். மற்ற இருவருக்கும் இரண்டு நாளில் குணமானது. இவருக்கு மாத்திரையால் ஒரு நாள் நின்றது, மறுநாள் கூடியது.

கொழும்பில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் மகள்தான் கிளினிக்குக்குப் போன் எடுத்தார். "அப்பாவுக்கு ஒரு கிழமையா வயித்தால போகுது டொக்டர். ராத்திரியில எந்திரிச்சு எந்திரிச்சுப் போறாரு. இன்னைக்கு ரத்தமும் சளியுமா போயிருக்கு. ஊசிக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?" என்று கேட்டார். சாப்பாட்டால் வந்த வயிற்றோட்டமும் எர்லோட்டினிப் வயிற்றோட்டமும் ஆளைத் தூக்கத்திலிருந்து எழுப்புவது குறைவு, இரத்தமும் சளியும் அதைவிடக் குறைவு. அன்றே எல்லா மாத்திரைகளையும் நிறுத்தச் சொல்லி, கூட்டிவரச் சொன்னோம். மழையில் கினிகத்தேனைப் பாதை அடைபட்டிருந்ததால் வந்து சேர மறுநாள் மாலையாயிற்று.

வார்டில் எடுத்த முடிவுகள்

ஒரு நாளில் வழக்கத்தைவிட ஏழு தடவைக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. அதாவது பக்கவிளைவின் கடுமையில் மூன்றாம் தரம். வயிறு உப்பவில்லை, காய்ச்சல் இல்லை, ஆனால் இரத்த அழுத்தம் தாழ்ந்து பொட்டாசியமும் குறைந்திருந்தது.

மூன்று சந்தேகங்கள். எர்லோட்டினிப் என்றால் ஆரம்ப வாரங்களிலேயே வந்து போயிற்று, மூன்று மாதம் கழித்து இப்படி மாற வேண்டிய காரணம் இல்லை. தொற்று என்றால் மலப் பரிசோதனையில் அமீபாவோ பாக்டீரியாவோ தெரிய வேண்டும். தெரியவில்லை. மிஞ்சியது பிடி-1 தடுப்பால் வந்த குடல் அழற்சி. குழாய்க் கமரா கொண்டு பெருங்குடலின் கீழ்ப்பகுதியைப் பார்த்தபோது சிவந்து வீங்கி, ஆழமில்லாத புண்கள் பரவியிருந்தன. திசுப் பரிசோதனையும் அதையே சொன்னது.

அழற்சியை அடக்க ஸ்டீரொய்ட் கொடுக்கவேண்டும். ஆனால் அதற்கு முன் இங்கே யோசிக்கவேண்டிய ஒன்று உண்டு. ஈர மண்ணில் வெறுங்காலோடு ஆயுள் முழுதும் நின்றவருக்கு ஸ்ட்ராஞ்சிலாய்டிஸ் புழு இருக்கலாம். பல வருடம் அறிகுறியில்லாமல் இருந்து, அதிக அளவு ஸ்டீரொய்ட் உள்ளே போனதும் உடம்பெங்கும் பரவி ஆளைக் கொல்லக்கூடியது அது. மேலைநாட்டு வழிகாட்டிகளின் வயிற்றோட்ட அட்டவணையில் இதை யாரும் முதல் வரியில் எழுதமாட்டார்கள். மலப் பரிசோதனையில் தெரியாவிட்டாலும் புழு இல்லை என்று அர்த்தமில்லை. அதனால் புழுமருந்தான அல்பெண்டசோலை ஒரு வாரத்துக்கு ஆரம்பித்து, அதே நாளில் மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீரொய்டை உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் வீதம் ஏற்றினோம்.

ஸ்டீரொய்டுக்கு அடங்காவிட்டால் அடுத்தது, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இன்னொரு மருந்தான இன்ஃப்ளிக்சிமாப். காசநோய் உள்ளே ஒளிந்திருந்தால் அந்த மருந்து அதை எழுப்பிவிடும். லயத்து அறையில் ஆறேழு பேர் சேர்ந்து வாழும் இடத்தில் அது கற்பனை ஆபத்தல்ல. நெஞ்சு எக்ஸ்ரேயும் காசநோய், ஹெபடைடிஸ் பி பரிசோதனைகளும் முதல் நாளே செய்துவைத்தோம். நல்லவேளை, இன்ஃப்ளிக்சிமாப் தேவைப்படவில்லை. நான்காம் நாள் இரத்தம் நின்றது, வாரம் முடிவதற்குள் வயிற்றோட்டம் பாதியானது. மாத்திரைக்கு மாற்றி, ஆறு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம்.

நீண்ட ஸ்டீரொய்டின்போது நுரையீரல் தொற்றைத் தடுக்க கோட்ரைமொக்சசோல் கொடுப்பது வழக்கம். மெத்தோட்ரெக்சேட்டோடு அது சேர்ந்தால் எலும்பு மச்சை அடிபட்டு இரத்த அணுக்கள் சரிந்துவிடும். எனவே மெத்தோட்ரெக்சேட் அட்டைகளை மகளின் கையால் திருப்பி வாங்கிக்கொண்ட பிறகுதான் அதை எழுதினோம். வீட்டில் மீதி மாத்திரை இருந்தால் யாராவது ஒருவர் நல்லெண்ணத்தோடு மறுபடி கொடுத்துவிடுவார்.

மறுபடி தொடங்குவதா

மூன்றாம் தரக் குடல் அழற்சி முழுதாக ஆறிய பின் பிடி-1 மருந்தை எச்சரிக்கையோடு மறுபடி கொடுக்கலாம் என்று வழிகாட்டிகள் இடம் கொடுக்கின்றன. சிடிஎல்ஏ-4 மருந்தாயிருந்தால் அந்தப் பேச்சே இல்லை. நாங்கள் கொடுக்கவில்லை. கட்டி சுருங்கிய நிலையிலேயே இருந்தது. பக்கவிளைவால் மருந்தை நிறுத்தியவர்களில் பலருக்குப் பலன் மாதக்கணக்கில் தொடர்கிறது, எழுந்த டி செல் ஊசிக்காகக் காத்திருப்பதில்லை. பக்கவிளைவுக்காகக் கொடுத்த ஸ்டீரொய்ட் அந்தப் பலனை அழித்துவிடுவதாகவும் ஆய்வுகள் தெளிவாகக் காட்டவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்தமுறை வயிறு மோசமானால் அவர் மழையில், மலைமேல், ஆஸ்பத்திரிக்கு வெகு தூரத்தில் இருப்பார்.

குடும்பம் இந்த முடிவை ஏற்றுக்கொள்வது கடினமாயிருந்தது. வேலை செய்யும் மருந்தை ஏன் நிறுத்துகிறீர்கள் என்று மகன் கோபப்பட்டார். அந்தக் கோபம் நியாயமானது. ஸ்கேன் படத்தைக் காட்டி, ஆறு வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பதாகவும், வளர்ந்தால் மறுபடி பேசுவதாகவும் ஒப்புக்கொண்டோம்.

பின்னர் நடந்தது

ஏறக்குறைய எட்டு மாதம் எந்தப் புற்று மருந்தும் இல்லாமல் கட்டி அடங்கியிருந்தது. இந்தக் காலத்தில் தைரொய்ட் சுரப்பு குறைந்தது. சோர்வும் குளிரும் மலச்சிக்கலுமாக வந்தவரை மகள் முதியவரின் அசதி என்று விடாமல் அழைத்துவந்ததால் தெரிந்தது. கடைசி ஊசிக்குப் பல மாதம் கழித்தும் இப்படி வரும். தைரொக்சின் மாத்திரையோடு தேறினார். பேத்தி பெரியவளான சடங்குக்கு எழுந்து நடமாடினார்.

2024 ஆகஸ்டில் கழுத்தின் மறுபக்கம் புதிய கட்டி. பேசி முடிவெடுத்து, இம்முறை எர்லோட்டினிபும் மெத்தோட்ரெக்சேட்டும் இல்லாமல் நிவோலுமாபை மட்டும் மறுபடி கொடுத்தோம். மூன்று ஊசிக்குப் பிறகும் கட்டி வளர்ந்தது. குடல் இம்முறை அமைதியாயிருந்தது. எழக்கூடிய டி செல்கள் தீர்ந்துபோயினவா, அல்லது புற்றுச் செல் தன்னை அடையாளம் காட்டும் எச்எல்ஏ மூலக்கூறுகளை உதிர்த்துவிட்டு டி செல்லின் கண்ணிலிருந்தே மறைந்ததா? இரண்டும் நடப்பதுண்டு. புதிய கட்டியிலிருந்து திசு எடுப்பது அவருக்கு வேதனை மட்டுமே தரும் என்பதால் எடுக்கவில்லை.

லாக்-3ஐயும் சேர்த்துத் தடுக்கும் ரெலட்லிமாப், நிவோலுமாபுடன் இணைந்து 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது மெலனோமா என்ற தோல் புற்றுக்கு. இதைப் படித்துவிட்டு மகன் கேட்டார். வாய்ப்புற்றுக்கு அது நிரூபிக்கப்படவில்லை என்பதைச் சொன்னோம். அதன்பின் வலி நிவாரணம் மட்டுமே. கிளினிக்கிலிருந்து மாதாமாதம் மோர்பின் போனது. முதல் ஊசியிலிருந்து பதினேழாம் மாதம் தன் வீட்டில் காலமானார்.

நடைமுறையில் மாற்றியவை

"குறைந்த அளவு" என்ற சொல்லை நோயாளிகளிடமும் தாதியரிடமும் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டோம். கேட்பவர் மனதில் அது குறைந்த ஆபத்து என்று பதிகிறது. 20 மில்லிகிராம் என்றே சொல்கிறோம்.

முதல் ஊசிக்கு முன் தைரொய்ட், கோர்ட்டிசோல், சீனி, ஈரல், நெஞ்சு எக்ஸ்ரே, ஹெபடைடிஸ் பி ஆகியவற்றை ஒரே நாளில் எடுத்துவிடுகிறோம். புழுவுக்கான சிகிச்சையும் அப்போதே. பிறகு அவசரத்தில் செய்வதைவிட அது நல்லது.

எர்லோட்டினிபும் சேர்ந்து போகும் நோயாளிக்கு வயிற்றோட்டம் வந்தால், முதல் நாளே எர்லோட்டினிபை நிறுத்தவேண்டும். மூன்று நாளில் அடங்காவிட்டாலோ, இரவில் எழுப்பினாலோ, இரத்தம் கண்டாலோ பார்மசிக்குப் போகாமல் எங்களுக்குப் போன் எடுக்கவேண்டும். வயிற்றோட்டத்தை நிறுத்தும் மாத்திரை நோயின் உண்மை நிலையை மறைத்துவிடுகிறது, இவருக்கு அதில் சில நாட்கள் போயின.

நோயாளியின் கிளினிக் புத்தகத்தில் இப்போது ஒரு மஞ்சள் அட்டை ஒட்டப்படுகிறது. மருந்தின் பெயர், கடைசி ஊசியின் தேதி, பார்க்கவேண்டிய அறிகுறிகள், எங்கள் நம்பர். ஊசி நின்று ஒரு வருடம்வரை இந்த அட்டை செல்லும் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. முன்பு இந்த விவரமெல்லாம் ஆங்கிலத்தில் மட்டும்தான் இருந்தது. தோட்ட வைத்திய உதவியாளருக்கு முதல் ஊசியன்றே நாங்களே போன் பண்ணி விஷயத்தைச் சொல்கிறோம். பக்கத்து ஆஸ்பத்திரிக்கு, பாதை அடைபட்டால் முதல் ஸ்டீரொய்டை அங்கேயே கொடுக்கலாம் என்று கையெழுத்திட்ட கடிதம் ஒன்றும் நோயாளியின் கையில் போகிறது.

அட்டை தமிழிலும் சிங்களத்திலும் தயாராகிவிட்டது. ஆனால் அதிலுள்ள நம்பரைக் கிளினிக் நேரத்தில் மட்டுமே எடுக்க ஆள் இருக்கிறது. இரவில் வரும் அழைப்பை வார்டுக்குத் திருப்புவதற்கு அனுமதி கேட்டிருக்கிறோம். அது கிடைக்கும்வரை, மாலை நான்கு மணிக்குப் பிறகு என்றால் போனுக்குக் காத்திராமல் கடிதத்தோடு பக்கத்து ஆஸ்பத்திரிக்கு நேரே போகும்படி ஒவ்வொரு குடும்பத்திடமும் வாயால் சொல்லி, திரும்பச் சொல்லவைத்து அனுப்புகிறோம்.